டீச்சரிடம் கேளுங்கள்: நான்காம் வகுப்பில் ஏன் தடுமாறுகிறார்கள்?

கேள்வி: மூன்றாம் வகுப்பு வரை என் மகள் எல்லாப் பாடத்திலும் நன்றாகத்தான் இருந்தாள். நான்காம் வகுப்புக்கு வந்ததும் கணக்கில் மதிப்பெண் இறங்கிவிட்டது. வெறும் கூட்டல், பெருக்கல் கொடுத்தால் சரியாகப் போடுகிறாள். வாழ்க்கைக் கணக்கு என்றால் தப்பு. அறிவியலிலும் கேள்வி கொஞ்சம் மாறி வந்தால் விழிக்கிறாள். கணக்குக்கு டியூஷன் வைக்கலாமா?
- ஒரு தாய், ஒட்டன்சத்திரம்

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. டியூஷனுக்கு முன்னால் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். உங்கள் ஊர் மார்க்கெட்டையே வைத்து ஒரு கணக்கு எழுதித் தருகிறேன்: "ஒரு வண்டியில் 24 பெட்டித் தக்காளி வந்தது. ஒரு பெட்டியில் 15 கிலோ. அதில் 40 கிலோ அழுகிவிட்டது. மீதி எத்தனை கிலோ?" இதை மகளிடம் கொடுத்து, போடச் சொல்லாதீர்கள். வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு தாளை மூடிவிட்டு, "இதில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். வண்டி வந்தது, பெட்டி பெட்டியாகத் தக்காளி இருந்தது, கொஞ்சம் வீணாய்ப்போனது, மிச்சம் எவ்வளவு என்று கேட்கிறார்கள் என்று எண்களே இல்லாமல் சொல்லிவிட்டால் அவளுக்கு வாசிப்பில் குறையில்லை, கணக்கில்தான் உதவி தேவை. ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் அதைச் சொல்லமாட்டார்கள். 24, 15, 40 மூன்றையும் கூட்டி 79 என்பார்கள். எண்கள் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கின்றன, வாக்கியம் படவில்லை. அந்தப் பிள்ளைக்குக் கணக்கு டியூஷன் வைத்தால் இன்னும் வேகமாக 79 என்று சொல்லும், அவ்வளவுதான்.

நான் தலைமையாசிரியையாக இருந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆண்டுதோறும் இதைப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பு வரை பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்கிறது. நான்காம் வகுப்பில் இருந்து, படித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்க வேண்டும். அறிவியல் பாடத்தில் பத்தி நீளம், சமூக அறிவியலில் புதுச்சொற்கள் கூட்டம் கூட்டமாக வரும், கணக்கில் மூன்று வரிக் கேள்வி. அதனால் ஐந்து பாடத்தில் ஐந்து குறை மாதிரித் தெரிவது பல நேரம் ஒரே குறைதான்.

அரசும் இதைக் கவனித்திருக்கிறது. 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அடுத்த கல்வியாண்டிலேயே நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்துவிட்டது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்ற பயிற்சிகள் உண்டு. உங்கள் மகள் அரசுப் பள்ளியில் படித்தால், தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை என்று வகுப்பாசிரியரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். மதிப்பெண்ணை விட அந்தப் பதில் உங்களுக்கு உதவும்.

வீட்டில் தினமும் கால் மணி நேரம் போதும். பாடப்புத்தகம் வேண்டாம். மளிகைப் பொட்டலத் தாள், பேருந்து நேர அட்டவணை, சிறுவர் இதழ், எதுவானாலும் சரி. அவள் படிக்கட்டும், அப்புறம் பார்க்காமல் சொல்லட்டும். நடுவில் திருத்தாதீர்கள்.

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் பையன். நான்கில் ஒன்றை விட எட்டில் ஒன்று பெரியது என்று அடித்துச் சொல்கிறான். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறான். எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை.
- தகப்பனார், செங்கல்பட்டு

பதில்: அவன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. இத்தனை வருடமும் 8 என்றால் 4ஐ விடப் பெரியது என்றுதான் நாம் சொல்லிக்கொடுத்தோம். பின்னத்தில் முதன்முறையாக அந்த விதி தலைகீழாகிறது. சொல்லிப் புரியாது, கை வேண்டும்.

ஒரே நீளத்தில் காகிதப் பட்டைகள் வெட்டுங்கள். ஒரே நீளம் என்பது முக்கியம். சின்னப் பட்டையில் பாதியையும் பெரிய பட்டையில் பாதியையும் ஒப்பிட்டால் எல்லாம் குழம்பிவிடும். ஒன்றை இரண்டாக மடியுங்கள், இன்னொன்றை நான்காக, மற்றொன்றை எட்டாக. எட்டில் ஒன்றை வெட்டி நான்கில் ஒன்றின் மேல் வைக்கச் சொல்லுங்கள். பேச்சே தேவைப்படாது. அடுத்து, ஒரு பட்டையை ஐந்தாகப் பிரித்து 2/5ஐ வண்ணம் தீட்டி, பாதிப் பட்டைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். 2/5 பாதியை விடக் குறைவு. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு பாதியை விடக் குறைந்தால் எங்கேயோ தப்பு என்று அவனே சொல்வான். அப்போது பொதுப்பகுதி காணும் முறையைச் சொல்லிக்கொடுங்கள். 3/6, 2/6 என்று மாற்றினால் 5/6. அந்த முறைக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு சொன்னால் ஏறும்.

கேள்வி: பேரன் நான்காம் வகுப்பு. சமூக அறிவியலில் அரசர் பெயரும் வருடமும் மனப்பாடம் செய்ய மறுக்கிறான். எங்கள் காலத்தில் கடகடவென்று ஒப்பிப்போம். இப்போது மனப்பாடமே கூடாது என்கிறார்களே, சரியா?
- தாத்தா, கும்பகோணம்

பதில்: மனப்பாடம் கூடாது என்று நான் சொல்லமாட்டேன் ஐயா. வாய்ப்பாடும் குறளும் நாக்கில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் வருடங்கள் தனித்தனியாக நிற்காது. ஒன்றோடொன்று கோத்தால்தான் நிற்கும். நீங்கள் இருக்கும் ஊருக்கு இது எவ்வளவு எளிது!

ஒரு நீளமான கயிறும் துணி கிளிப்புகளும் எடுத்துக்கொள்ளுங்கள். 1 செ.மீ. என்றால் 10 ஆண்டு. கயிற்றின் ஒரு முனை இன்று. அங்கிருந்து அளந்தால் 1947 ஏறக்குறைய 8 செ.மீ.யில் வந்துவிடும். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய 1498 அரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டி. இரண்டாம் ராஜராஜன் கட்டிய தாராசுரம் 85 செ.மீ. தாண்டியதும். தஞ்சைப் பெரிய கோயில் முடிந்த 1010 ஒரு மீட்டரை ஒட்டி. கீழடியில் கிடைத்த பழைய பொருள்கள் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகின்றன என்று தமிழகத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. அதற்கு இரண்டரை மீட்டருக்கு மேல் கயிறு வேண்டும். பேரனே அளந்து கிளிப் மாட்டட்டும். "நடுவில் இவ்வளவு இடம் காலியாக இருக்கிறதே, அப்போது யார் இருந்தார்கள்?" என்று கேட்பான். பல்லவர் பாடத்தை அன்று எடுங்கள். கவனித்தீர்களா, இதில் அளவை இருக்கிறது, பத்தால் வகுப்பது இருக்கிறது, வரலாறும் இருக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்பில் பாடங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கவே தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராசுரத்துக்கு அழைத்துப் போங்கள், பக்கம்தானே.

கேள்வி: மகள் ஆங்கில வழியில் படிக்கிறாள். செரிமானம் பற்றிய பாடத்தை அப்படியே ஒப்பிக்கிறாள். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியவில்லை.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் தமிழில் புரியட்டும் அம்மா. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகம் என்றால், தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டிலும் பாடம் ஒன்றுதான். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அதற்கும் முன்னால், ஒரு வாய் வெறும் சோற்றை விழுங்காமல் ஒரு நிமிடம் மெல்லச் சொல்லுங்கள். இனிப்புத் தட்டும். உமிழ்நீர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. செரிமானம் வயிற்றில் அல்ல, வாயிலேயே தொடங்குகிறது என்பதை இனி அவள் எந்த மொழியில் கேட்டாலும் சொல்வாள்.

கேள்வி: டீச்சர், நான் ஐந்தாம் வகுப்பு. காசு செலவில்லாமல் வீட்டில் செய்ய ஒரு நல்ல அறிவியல் சோதனை சொல்லுங்கள்.
- மாணவன், தேனி

பதில்: தம்பி, உனக்கு வெயில் போதும். 50 செ.மீ. நீளக் குச்சி ஒன்றைச் சமதரையில் நேராக நட்டு வை. சாய்ந்திருக்கிறதா என்று நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுப் பார். காலை ஒன்பது மணியில் இருந்து மூன்று மணி வரை அரை மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கூழாங்கல் வைத்து, நீளத்தை நோட்டில் எழுது. மறந்தும் சூரியனை நேராகப் பார்க்காதே.

மிகக் குட்டையான நிழல் சரியாக 12 மணிக்கு வராது. உங்கள் ஊரில் 12.20 வாக்கில் வரும், மாதத்துக்கு மாதம் சில நிமிடம் முன்னே பின்னே போகும். ஏன் தெரியுமா? நம் கடிகாரம் காட்டும் இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கக் கோட்டுக்கு உரியது. அது உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கம் போகிறது. தேனி அதற்கு ஏறக்குறைய 5 பாகை மேற்கே இருக்கிறது. பூமி ஒரு பாகை சுற்ற 4 நிமிடம். ஐந்து நான்கு இருபது. சமூக அறிவியலில் நீ படிக்கிற தீர்க்கக் கோடு உன் வீட்டு வாசலில் இப்படித்தான் தெரியும்.

இந்தக் குட்டை நிழல் விழும் கோடு சரியாக வடக்கு தெற்கு. அதை வைத்து உங்கள் தெருவுக்கு வரைபடம் வரையலாம்.

இதை ஒரு நாளோடு விட்டுவிடாதே. வாரம் ஒருமுறை நண்பகலில் அள. டிசம்பர் 22 வாக்கில் நிழல் ஏறக்குறைய 33 செ.மீ., வடக்குப் பக்கம் விழும். அப்புறம் குறைந்துகொண்டே வந்து ஏப்ரல் நடுவில் ஒரு நாள் நிழலே இருக்காது. அதன் பிறகு நிழல் தெற்குப் பக்கம் போய்விடும்! ஜூன் 21 வாக்கில் 12 செ.மீ. அளவு தெற்கே. மறுபடி குறைந்து ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு நாள் நிழல் மறையும். டெல்லியில் இருக்கும் பையனுக்கு இந்த நிழலில்லா நாள் கிடையவே கிடையாது. அந்த ஊர் கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறது. பூமி 23.5 பாகை சாய்ந்திருப்பதால் இதெல்லாம் நடக்கிறது. டார்ச் லைட்டையும் ஒரு பந்தையும் வைத்து அந்தச் சாய்வைச் செய்து பார்.

அளந்ததை அட்டவணையாக எழுது. கட்டம் போட்ட தாளில் வரைபடமாகப் போடு. பார்த்ததைப் பத்து வரியில் உன் சொந்தத் தமிழில் எழுது. மேகம் மூடிய நாளில் "மேகம், அளக்க முடியவில்லை" என்றே எழுது, ஊகித்து நிரப்பாதே.

கேள்வி: அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்பு. நடுநிலைப் பள்ளிக்குப் போகும்முன் என்னென்ன கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்?
- பெற்றோர், அரியலூர்

பதில்: பெரிய பட்டியல் கொடுத்து உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை. இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைத் தானே படித்து என்ன சொல்கிறது என்று சொல்ல வேண்டும். கணக்கில் வாய்ப்பாடு, வகுத்தல், லட்சம் வரை எண்களைக் காற்புள்ளியோடு எழுதுவது, எளிய பின்னம். விடை வந்ததும் "இது நடக்கக்கூடியதா?" என்று பார்க்கும் பழக்கம் இருந்தால் மிக நல்லது; ஒரு வகுப்பறையின் நீளம் 600 மீட்டர் என்று விடை வந்தால் பிள்ளைக்கே உறுத்த வேண்டும். அளவுகோலை 1இல் இருந்து வைக்காமல் 0இல் இருந்து வைக்கத் தெரிகிறதா என்று பாருங்கள், ஐந்தாம் வகுப்பு முடித்தும் பலருக்கு இது தெரிவதில்லை. வரைபடத்தில் திசை, அளவுத்திட்டம், நம் மாவட்டம் எங்கே என்பது தெரியட்டும்.

தமிழில் குதிரைக்குட்டி, கோழிக்குஞ்சு, மயில் அகவும், ஆந்தை அலறும் போன்ற மரபுச் சொற்களைப் பேச்சிலேயே பழக்குங்கள். எழுத்தில் ல, ள, ழ தடுமாற்றம் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும். விடுமுறையில் தினம் ஐந்து வரி நாட்குறிப்பு எழுதட்டும். அந்த நோட்டில் மட்டும் நீங்கள் சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு பிழையை, வேறொரு தாளில், சேர்ந்து சரிசெய்தால் போதும்.