விளம்பரத்தை மறைத்தால் ஓசிப் படிப்பா?

கேள்வி: பேரன் என் போனில் விளம்பரங்களை மறைக்கும் ஏதோ ஒன்றைப் போட்டுக்கொடுத்தான். டேட்டா மிச்சமாகிறது. ஆனால் தினமும் பஞ்சாங்கம் பார்க்கிற தளம், "விளம்பரம்தான் எங்கள் வருமானம்" என்று கெஞ்சுகிறது. நான் செய்வது திருட்டா? – வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: திருட்டு இல்லை அம்மா. ராண்ட் கொடுத்து டேட்டா வாங்குவது நீங்கள். அதில் எது இறங்கலாம், எது கூடாது என்று சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

தளத்துக்கு நஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாவம் முழுவதையும் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பிரிட்டன் விளம்பரதாரர் சங்கம் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், விளம்பரத்துக்குச் செலவான 100 பவுண்டில் தளங்களுக்குப் போய்ச் சேர்ந்தது 51 மட்டுமே. 15 பவுண்டு யார் கைக்குப் போனது என்று கணக்குத் தணிக்கையாளர்களாலேயே சொல்ல முடியவில்லை! மற்றது இடைத்தரகர்களுக்கு.

நம் ஊரில் இதைவிட மோசமான ஒரு தரகு இருக்கிறது. விளையாட்டு, ஜோசியம், 'பரிசு' என்று வரும் விளம்பரத்தைத் தட்டினால் சந்தாவில் சேர்த்துவிட்டு ஏர்டைமிலிருந்து, அதாவது போனில் ஏற்றிய காசிலிருந்து, தினமும் சில ராண்ட் உருவுவார்கள். மொபைல் டேட்டாவில் இருக்கும்போது உங்கள் எண் நெட்வொர்க்குக்குத் தெரியும். அதனால் நீங்கள் எண்ணை அடிக்கவே வேண்டாம், ஒன்றிரண்டு தட்டு போதும். விலை பொடி எழுத்தில் கிடக்கும். ஏர்டைம் காரணமில்லாமல் கரைந்தால், நெட்வொர்க்கைக் கூப்பிட்டு எல்லாச் சந்தாச் சேவைகளையும் நிறுத்தி, இனி வராமல் தடுக்கவும் சொல்லுங்கள். மசியாவிட்டால், இப்படிப்பட்ட மொபைல் சேவை நிறுவனங்களின் சங்கமான வாஸ்பாவிடம் (WASPA) புகார் கொடுக்கலாம். இழந்தவன்தான் அலைய வேண்டும், அதுதான் இங்கே நடைமுறை.

பேரன் போட்டது என்ன என்றும் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனின் குரோம் உலாவியில் நீட்சி (உலாவியோடு ஒட்டவைக்கும் சின்ன மென்பொருள்) எதுவும் ஏறாது. அதைச் சாக்காக வைத்து 'ஆட் கிளீனர்' என்று வரும் தனிச் செயலிகளில் பல, தாங்களே விளம்பரம் காட்டுகிறவை, நீக்கிவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி போதும். பெயரில் 'ஆரிஜின்' இல்லாவிட்டால் அது வேறு ஆள். ஆட்பிளாக் பிளஸ் என்ற இன்னொரு தடுப்பு நீட்சி, அமைப்பை மாற்றாதவரை, 'ஏற்கத்தக்க விளம்பரங்களை' உள்ளே விடும். அதற்காகப் பெரிய நிறுவனங்களிடம் காசும் வாங்கும். வாசலுக்கு வைத்த காவல்காரனே டிக்கெட் விற்கிற கதை.

இனி உங்கள் பஞ்சாங்கம். அதற்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் அந்தத் தளத்தைத் திறந்து, மூன்று புள்ளி மெனு, நீட்சிகள், யூபிளாக் ஆரிஜின். அதில் தெரியும் பெரிய பவர் பட்டனை ஒருமுறை தட்டிப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். அந்தத் தளம் முழுவதற்கும் விலக்கு நிற்கும். மற்ற தளங்களில் தடுப்பு அப்படியே இருக்கும். முடிந்தவரை வைஃபையில் பாருங்கள்: டேட்டா போகாது, உங்கள் எண்ணும் வெளியே தெரியாது. அடிவரை நகர்த்திப் படியுங்கள், பல விளம்பரங்கள் திரைக்குப் பக்கத்தில் வந்தால்தான் ஏறும். தானாக வேறு பக்கத்துக்குத் தாவினாலோ சத்தத்தோடு வீடியோ ஓடினாலோ அதே பட்டனைத் தட்டி விலக்கை எடுத்துவிடுங்கள். ஆனால் தளத்துக்கு உதவுகிறோம் என்று நினைத்து, உங்களுக்குத் தேவையில்லாத விளம்பரத்தைத் தட்டிவிடாதீர்கள். போலித் தட்டல் என்று சந்தேகம் வந்தால் விளம்பர நிறுவனம் அந்தத் தளத்தின் கணக்கையே முடக்கிவிடலாம்.