மாம்பழச் சாறும் ஸ்பார்க்ளிங் வைனும் கலந்தால் ஏன் பொங்கி வழிகிறது?

கொழும்பு வெக்கையில் இது பலருக்கும் நடப்பதுதான். காரணம் பழக்கூழ். அதிலுள்ள நார்த் துணுக்குகளைப் பிடித்துக்கொண்டு வாயு குமிழ் குமிழாக வெளியேறும். வைன் சூடாக இருந்தால் வாயு அதில் தங்காது, இன்னும் மோசம்.

வெனிஸ் நகரத்து பெல்லினி என்ற கலவைப் பானத்தின் முறைதான் இதற்கும். அங்கே வெள்ளை பீச் பழக்கூழும் புரொசெக்கோ என்ற இத்தாலிய ஸ்பார்க்ளிங் வைனும். நமக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இருக்கும்போது பீச் எதற்கு? நன்றாகப் பழுத்ததை அடித்து, கண் சிறிய வடியில் கரண்டியால் அழுத்தி வடியுங்கள். நார் மேலே நின்றுவிடும், கீழே பட்டுப்போல் கூழ் இறங்கும். சில துளி தேசிக்காய்ப் புளி விடுங்கள். சீனி வேண்டவே வேண்டாம்.

கூழ், வைன், கிளாஸ் மூன்றும் பிரிஜ்ஜில் நன்றாகக் குளிரட்டும். ஒரு பங்கு கூழுக்கு இரண்டு பங்கு வைன். கூழை முதலில் போட்டு, கிளாஸைச் சரித்து வைனைக் கொஞ்சமாக ஊற்றுங்கள். நுரை அடங்கியதும் மிச்சம். அப்புறம் நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு தடவை தூக்கிவிட்டால் போதும். கலக்கக் கலக்க வாயு போய்விடும்.

கொடித்தோடையும் (பேஷன் புரூட்) அருமை, ஆனால் புளிப்பு அதிகம், பாதியளவு போதும். போயா (பௌர்ணமி) நாளில் கடைகளில் மது விற்பதில்லை, முதல் நாளே வாங்கி வையுங்கள்.