ஆர்.சி.யில் யார் பெயர்?

கேள்வி: கோவையிலிருந்து பம்பு, மோட்டார் உதிரிப் பாகங்களை இரவோடு இரவாக ஓசூரில் சேர்க்கும் அவசர லோடு தொழிலைத் தொடங்கியிருக்கிறேன். மனைவியின் சித்தப்பாவிடம் 14 அடி வண்டி ஒன்றை டியூவோடு, அதாவது மிச்சக் கடனோடு, வாங்கினேன். ரொக்கமாக 4 லட்சம் கொடுத்தேன். மாதம் 21,000 ரூபாய் தவணையை நானே கட்டுவதாகப் பத்திரத்தாளில் எழுதிக்கொண்டோம். 11 மாதங்களாக ஒரு தவணை தவறவில்லை. இப்போது, வண்டி விலை ஏறிவிட்டது, இன்னும் ஒன்றரை லட்சம் தந்தால்தான் பெயர் மாற்றக் கையெழுத்துப் போடுவேன் என்கிறார். என் மகளின் காதுகுத்தில் உறவினர் முன்னால் என்னைத் திருடன் என்றார். மோசடி வழக்குப் போடலாமா? அவர் வழிக்கு வரும்வரை தவணையை நிறுத்தி வைக்கலாமா? ஓட்டுநரிடம் கார் ஓட்டும் லைசென்ஸ்தான் இருக்கிறது, அது போதுமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். மூன்று பக்கம் காதுகுத்து. அதற்குச் சட்டத்தில் பரிகாரம் தேடாதீர்கள்.

உங்கள் வழக்கில் பொருட்படுத்த வேண்டியது ஒன்றே ஒன்று: வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் அவர் பெயர் இருக்கிறது. கடன் ஒப்பந்தம், பர்மிட், இன்சூரன்ஸ் எல்லாமே அவர் பெயரில்தான். உங்களிடம் இருப்பது ஒரு பத்திரத்தாளும் சாவியும்.

மோசடி வழக்கு நிற்காது. ஏமாற்றும் எண்ணம் முதல் நாளிலேயே இருந்தது என்று காட்ட வேண்டும். 11 மாதம் சுமுகமாக ஓடியதே அதற்கு எதிரான சாட்சி. கடன் உள்ள வண்டியை ஃபைனான்ஸ் கம்பெனிக்குத் தெரியாமல் கைமாற்றியது அவர் தவறு, தெரிந்தே வாங்கியது உங்கள் தவறு. காவல் நிலையத்தில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

தவணையை நிறுத்தும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். என்னிடம் வழக்கு கொண்டுவந்த கட்சிக்காரர்கள் விழுந்த குழிகளில் இதுதான் ஆழமானது. அவர் பணிவார் என்று நினைத்து இரண்டு தவணை நிறுத்துவார்கள்; மூன்றாவது மாதம் ஃபைனான்ஸ் கம்பெனி ஆட்கள் சுங்கச்சாவடி அருகே வண்டியை மடக்கி எடுத்துப் போவார்கள். அந்தக் கம்பெனியின் வாசலில் நின்று நீங்கள் எதையும் கேட்க முடியாது. அவர்கள் பதிவேட்டில் நீங்கள் யாருமில்லை.

அதைவிட மோசமானது விபத்து. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்சிக்காரர், உங்களைப் போலவே டியூவோடு வாங்கிய வண்டியைத் தொப்பூர் கணவாயில் கவிழ்த்துவிட்டார். ஆளுக்கு ஒன்றுமில்லை, வண்டி தேறாது. இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில், ஓட்டியவர் உரிமையாளருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கும். பழைய உரிமையாளர் சொன்னபடி அதில் 'சம்பள ஓட்டுநர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வந்த தொகையில் கடன் போக மிச்சம் பழைய உரிமையாளரின் கணக்கில் விழுந்தது. பங்கு கேட்டபோது, பழைய உரிமையாளர் இவர் கையெழுத்தையே எடுத்து நீட்டினார். ஆறு லட்சம் போட்டவர், சொந்தக் கையெழுத்தால் சம்பளக்காரர் ஆனார்.

உண்மையை எழுதியிருந்தாலும் சிக்கல்தான். வண்டி கைமாறினால் மூன்றாம் நபருக்கான, அதாவது விபத்தில் பாதிக்கப்படும் வெளியாளுக்கான, காப்பீடு தானாகவே புதியவருக்கு மாறியதாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவு கொள்கிறது. வண்டிச் சேதத்துக்கான காப்பீடு அப்படி மாறாது என்று உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டே சொல்லிவிட்டது.

இனி உங்களுக்குச் சாதகமான பக்கம். 2018ஆம் ஆண்டு நவீன் குமார் வழக்கில், பல கை மாறிய வண்டியாக இருந்தாலும், விபத்து நடந்த நாளில் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நட்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, உங்கள் வண்டி இரவில் யாரையாவது மோதினால் சம்மன் போவது சின்ன மாமனார் வீட்டுக்கு. இன்சூரன்ஸோ பர்மிட்டோ காலாவதியாகியிருந்தால் அந்தச் சுமை கடைசியில் அவர் தலையில். கையெழுத்துப் போடாமல் இழுப்பதில் உங்களைவிட அவருக்கே ஆபத்து அதிகம். இதை ஒரு வழக்கறிஞர் நோட்டீஸில் நிதானமாக எழுதி அனுப்புங்கள். மிரட்டல் வேண்டாம், தீர்ப்பே போதும்.

பிறகு சமரசம் பேசுங்கள். ஒன்றரை லட்சம் நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை. ஆனால் உரிமையியல் வழக்கு முடிவதற்குள் வண்டி பழைய இரும்பாகிவிடும். எழுபது, எண்பதாயிரத்தில் முடிந்தால் முடித்துவிடுங்கள்; ஒரு லட்சம் என்றாலும் நான் உங்களைத் தடுக்க மாட்டேன்.

பணத்தை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. பேசும் முன்பே ஃபைனான்ஸ் கம்பெனியிடமிருந்து பாக்கிக் கணக்கை அவரையே எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். அவர் வேறு கடன் வாங்கியிருந்தாலோ யாருக்காவது ஜாமீன் போட்டிருந்தாலோ, அதை அடைக்காமல் தடையில்லாச் சான்று தர மாட்டோம் என்று கம்பெனியில் இழுப்பார்கள். இந்த இடத்தில்தான் பல சமரசங்கள் உடைகின்றன. முடிந்தால் உங்கள் பெயரில் புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைத்துவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30, கடன் பதிவை நீக்கும் படிவம் 35 மூன்றிலும் கையெழுத்தாகும் அதே நாளில், வங்கி வழியாக மட்டுமே பணம் போக வேண்டும். முன்கூட்டியே வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கி பீரோவில் பூட்டி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அவர் காலமானால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை; பிறகு வாரிசுகள் அத்தனை பேர் பின்னாலும் அலைய வேண்டும்.

பர்மிட்டை மறந்துவிடாதீர்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் குட்டி யானை போன்ற வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. 14 அடி வண்டிக்கு வேண்டும். ஆர்.சி. மாறியதும் அதையும் தனியாக மாற்ற வேண்டும்.

லைசென்ஸ் பற்றி: சுமையோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை, கார் ஓட்டும் இலகு ரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. ஆர்.சி.யில் உள்ள எடையைப் பாருங்கள், விற்றவர் சொன்னதை அல்ல.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விஷயம்: வண்டியின் இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது? அவரிடம் என்றால், நோட்டீஸ் கிளம்பும் முன்பே பூட்டை மாற்றிவிடுங்கள்.