பழைய கார் வைத்திருப்பவர்கள் நிறத்துக்காக ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? பிடித்த நிறத்தை அடித்துக்கொள்ளக் கூடாதா?

தாராளமாக அடித்துக்கொள்ளலாம். கார் அவருடையது, காசும் அவருடையது. ஆனால் பழைய கார்க்காரர்களில் பலர் 'எனக்கு என்ன நிறம் பிடிக்கும்' என்று யோசிப்பதில்லை. 'இந்த கார் ஆலையை விட்டு வெளியே வந்தபோது என்ன நிறம்' என்றுதான் தேடுவார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

எங்கள் வீட்டில் நிற்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டை, சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்து விற்றது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. சேஸி எனும் அடிச்சட்டம் தனி, அதன் மேல் பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். பானெட்டும் இரண்டு முன் மட்கார்டும் ஒரே துண்டு, மொத்தமாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். நிறம் தேடுகிறவனுக்கு இது பெரிய வசதி. எந்த இணைப்பைக் கழற்றினாலும் உள்ளே பழைய பெயிண்ட் ஒளிந்திருக்கும். சிக்கலும் அதிலேயே உண்டு: என்றைக்கோ வேறொரு ஹெரால்டின் கதவை மாட்டியிருந்தால், அந்தக் கதவு வேறு காரின் கதையைச் சொல்லும். அதனால் ஒரே இடத்தைப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது.

அப்பா வாங்கும்போது கார் வெள்ளை. பெயிண்டர் அண்ணன் டிக்கிக்குள் ஒரு மூலையில், நனைத்த வாட்டர் பேப்பரால் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு மெதுவாகத் தேய்த்தார். வெள்ளை கரைந்து சிவப்பு வந்தது. சிவப்புக்குக் கீழே பட்டி. பட்டிக்கு அடியில் வெளிர்நீலம், அதற்கும் அடியில் துருப்பிடிக்காமல் இருக்க முதலில் அடிக்கும் ரெட் ஆக்சைடு, கடைசியில் தகடு. ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். கதவின் உள் அட்டையைக் கழற்றினால் அதே நீலம், வெயிலே படாமல், நேற்று அடித்ததுபோல் இருந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னாலும் அதேதான். சரி, மூன்று இடமும் ஒத்துப்போகிறது.

ஆர்.சி. புத்தகத்தில் 'நீலம்' என்று இருந்தது. எந்த நீலம்? ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது. கடையில் ஸ்கேனர் வைத்து நிறத்தை அளந்து கலந்து தருகிறார்கள். ஆனால் வெளிறிப்போன இடத்தில் அளந்தால் வெளிறிய நிறம்தான் கிடைக்கும். பெயிண்டர் அண்ணன் முதலிலேயே சொன்னார்: "தம்பி, கடைக்குள்ள டியூப் லைட்ல பாத்து ஓகே சொல்லிடாதீங்க. வெயில்ல ஒரு கலரு, நிழல்ல ஒரு கலரு காட்டும்." அது உண்மை. வெவ்வேறு நிறமிகளைக் கலந்து செய்த இரண்டு நீலங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரிந்து, இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். பழைய மஞ்சள், ஆரஞ்சு நிறங்கள் பலவற்றில் ஈயம் கலந்த நிறமி இருந்தது. இப்போது கார் பெயிண்டில் அதைத் தவிர்த்துவிட்டார்கள். அப்புறம் பளபளப்பு. பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டை பாலிஷ் போட்டு எடுக்கும் மெருகும், இன்று நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டின் கண்ணாடி மினுமினுப்பும் ஒன்றல்ல. நிறம் சரியாக அமைந்தும் கார் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி தெரிவதற்குக் காரணம் இதுதான்.

நிறத்தின் மேல் மோகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கொஞ்சம் பந்தயத்திலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் நாட்டுக்கு ஒரு நிறம்: இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்ஸுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளை, பிறகு வெள்ளி. 1903-இல், நாடுகளுக்கிடையே நடந்த கார்டன் பென்னட் கார் பந்தயத்தை நடத்தும் முறை பிரிட்டனுக்கு வந்தது. அந்நாட்டுச் சாலைகளில் பந்தயத்துக்குத் தடை இருந்ததால் அயர்லாந்தில் நடத்தினார்கள். அயர்லாந்துக்கு மரியாதை செய்யவே பிரிட்டன் பச்சையை எடுத்துக்கொண்டது என்பார்கள். இன்றும் ஃபெராரி என்றால் சிவப்பு, ஜாகுவார் என்றால் கரும்பச்சை என்று மனதில் பதிந்திருக்கிறது. அதனாலேயே வேறு நிறத்தில் பிறந்த கார்களையும் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றினார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. 1970-களின் போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காப்பிப் பழுப்பு, கடுகு மஞ்சள், பளீர்ப் பச்சை என்று அந்தப் பத்தாண்டுக்கே உரிய நிறங்களில் வந்தது. பின்னால் மவுசு குறைந்ததும் பலர் மேலே வேறு நிறம் அடித்தார்கள். இப்போது அதே பழுப்பையும் பச்சையையும் தேடி, செலவழித்துத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். சிவப்பு 911 எந்தக் காலத்திலும் இருக்கும். கடுகு மஞ்சள் 911-ஐப் பார்த்ததும் அது எந்தக் காலத்துக் கார் என்று தெரிந்துவிடும்.

ஃபோர்டு மாடல் டி கறுப்பில் மட்டும்தான் வந்தது என்பதும் முழு உண்மை இல்லை. 1914 முதல் 1925 வரைதான் கறுப்பு மட்டும். அதற்கு முன்னும் பின்னும் வேறு நிறங்கள் இருந்தன.

பிடிவாதத்தின் உச்சத்தை அமெரிக்காவில் செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் ஆட்களிடம் பார்க்கலாம். அவர்களுடைய என்.சி.ஆர்.எஸ். அமைப்பு கார்களுக்கு மதிப்பெண் போடுவது, ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்று பார்த்துத்தான். ஆலையில் செய்ததைவிட நேர்த்தியாகப் பெயிண்ட் அடித்தாலும் மதிப்பெண் குறையும். கேட்க அதீதமாகத் தெரியும். ஆனால் அந்தக் காலத்துத் தொழிலாளியின் கை எப்படி வேலை செய்தது என்பதற்கு அந்தக் கார்தானே சாட்சி? அதைத் துடைத்துவிட்டால் வேறெங்கே போய்ப் பார்ப்பது?

அதனால் என் கருத்து இது: ஆலை பெயிண்ட் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால், வெளிறியிருந்தாலும் பரவாயில்லை, மேலே அடிக்காதீர்கள். துருவை மட்டும் நிறுத்துங்கள். எங்கள் ஹெரால்டைப் போல ஏற்கெனவே போய்விட்டதென்றால், பழைய நிறத்தைக் கண்டுபிடித்து அதையே அடியுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு கையகலம் பழைய பெயிண்டைத் தொடாமல் விடுங்கள். அடுத்து வாங்குகிறவர் அங்கே வைத்துத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார். இல்லை, எனக்குப் பிடித்த நிறம்தான் வேண்டும் என்றால் அதுவும் உங்கள் உரிமை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் நிறத்தை மாற்றிக்கொள்ள மட்டும் மறக்காதீர்கள்.