ஸ்கோர் சமம், கையில் விக்கெட் இருக்கு: டையா, டிராவா?

கேள்வி: புதுச்சேரி துத்திப்பட்டு மைதானத்தில் ரஞ்சி மேட்ச் நாலாம் நாள் முடியும்போது ரெண்டு அணி ரன்னும் சமமாக இருந்தால் டைதானே? கடலூரில் நாங்கள் ஆடும் 20 ஓவர் மேட்சில் அப்படித்தானே எழுதுகிறோம்?

இல்லைங்க. 20 ஓவர் மேட்சில் ரன் சமமென்றால் டை, விக்கெட்டைப் பார்க்க வேண்டாம். ரஞ்சி, டெஸ்ட் மாதிரி ரெண்டு இன்னிங்ஸ் ஆட்டத்தில் கடைசியாக ஆடும் அணி ஆல் அவுட்டும் ஆகியிருக்க வேண்டும். ஒரு விக்கெட் மிச்சமிருந்து நேரம் முடிந்தாலும் டிராதான், அதாவது முடிவில்லாத ஆட்டம்.

1986 செப்டம்பர், சென்னை சேப்பாக்கம், இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட். ஆஸ்திரேலியா 574, 170; ரெண்டுமே டிக்ளேர் (ஆல் அவுட் ஆகாமல் தாங்களே முடித்துக்கொண்டது). இந்தியாவுக்கு இலக்கு 348. ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 அடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்ற வேண்டிய புழுக்கம். செப்டம்பர் மதியம் கடலோரத்தில் காற்று விழுந்துவிட்டால் எப்படியிருக்கும் என்று நம்மூர்க்காரர்களுக்குத் தெரியும்.

331க்கு 6 விக்கெட் என்றிருந்த இந்தியா, 344க்கு 9. கிரெக் மேத்யூஸ் போட்ட கடைசி ஓவரில் 4 ரன் வேண்டும். முதல் பந்தில் ரவி சாஸ்திரிக்கு ரன் இல்லை, ரெண்டாவதில் 2, மூன்றாவதில் 1. ஸ்கோர் சமம். அந்த ஒரு ரன்னை ஓடியது தப்பென்று இன்றைக்கும் பேசுகிறார்கள். எனக்கு அது சரியான முடிவு: ஓடிய நொடியில் தோல்வி என்ற பேச்சே போய்விட்டது. நாலாவது பந்தை மணிந்தர் சிங் தடுத்துவிட்டார். ஐந்தாவது காலில் பட, நடுவர் விக்ரம் ராஜு விரலைத் தூக்கினார். இந்தியா 347 ஆல் அவுட், டை. மட்டையில் பட்டது என்றுதான் மணிந்தர் சொல்லிவந்தார்.

மேத்யூஸ் கணக்கு 39.5 ஓவர், 5 விக்கெட். அந்த '.5', அதாவது கடைசி ஓவரில் ஐந்தே பந்து, அதுதான் விஷயமே. மிச்சமிருந்த ஒரு பந்தையும் சேர்த்து ரெண்டு பந்தையும் மணிந்தர் ரன்னில்லாமல் தாக்குப்பிடித்திருந்தால் அதே 347 டிராவாகியிருக்கும்.

2011 நவம்பரில் மும்பை வான்கடேயில் நடந்தது அதுதான். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இந்தியாவுக்கு 243 இலக்கு, கடைசிப் பந்தில் 2 வேண்டும். அஸ்வின் ஒன்று ஓடிவிட்டு ரெண்டாவதுக்குப் போய் ரன் அவுட். 242க்கு 9, பத்தாவது விக்கெட் விழவில்லை, டிரா.

ஸ்கோர் எழுதுகிறவர்கள் முடிவு எழுதுமுன் நாலு இன்னிங்ஸையும் கூட்டிப் பாருங்கள். சேப்பாக்கத்தில் 574+170, 397+347, ரெண்டும் 744. பிறகு கடைசி இன்னிங்ஸ் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். அடிபட்டு வெளியே போனவர் திரும்ப ஆட வரமுடியாமல், ஆட வேறு ஆளும் இல்லையென்றால், பத்து விக்கெட் விழாவிட்டாலும் அந்த இன்னிங்ஸ் முடிந்ததுதான். அப்போது ரன் சமமானால் டை.