கழுவிக் கழுவி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகனின் பிறந்தநாளுக்கு ஒரு கோல்டு ஃபிஷ்ஷும் கண்ணாடிக் குடுவையும் வாங்கினோம். பொன்னி என்று பேர் வைத்தான். ஐந்தாம் நாள் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. கடைக்காரர் தந்த நீல மருந்தை இரண்டு சொட்டு விட்டேன். தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றினேன், கூழாங்கற்களைக்கூடத் தேய்த்துக் கழுவினேன். பதினோராம் நாள் மிதந்தது. அழுதால், 'மீன் குழம்பு வைக்கிறவள்தானே' என்று வீட்டில் சிரிக்கிறார்கள். மருந்துதான் கொன்றதா? இன்னொன்று வாங்கலாமா?

கா., ஈரோடு

அன்புள்ள கா.,

குழம்பு விஷயத்தை விடுங்கள். பேர் வைத்த மீன் வேறு, கிலோ கணக்கில் வாங்கிய மீன் வேறு. சிரிப்பவர்களுக்கும் அது தெரியும். அந்த இரண்டு சொட்டையும் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

ஆனால் 'கூழாங்கற்களைக்கூட' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. மீன் தன் கழிவைச் செவுள் வழியாக அம்மோனியாவாக விடுகிறது. ஆற்றில் அது கரைந்து போகும், குடுவையில் எங்கே போகும்? ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கினால் மீன் ஓரளவு தாங்கும். இவை குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். குடியிருப்பது பெரும்பாலும் தண்ணீரில் இல்லை, நீங்கள் தேய்த்த அந்தக் கல்லின் வழுவழுப்பில். தண்ணீரை மாற்றினால் அம்மோனியாவும் போய்விடுமே என்பீர்கள். போகும், உடனே மறுபடி சேரத் தொடங்கும். போதாததற்குக் குழாய்த் தண்ணீரின் குளோரின் செவுளை அரிக்கும். பொன்னி வாயைத் திறந்தது பசியில் இல்லை அம்மா, மூச்சுக்கு.

எங்கள் கிணற்றில் கொசுப்புழு தின்னக் கெண்டை விட்டிருந்தோம். தூர் வாரும்போது அப்பத்தா அவற்றைப் பழைய தண்ணீரோடு அண்டாவில் எடுத்து வைப்பாள். ஆட்கள் சுவர்ப் பாசியைச் சுரண்டினால் மேலிருந்தே கத்துவாள்: "பூரா வழிச்சிட்டா மீனு எதுல பொழைக்கும்?" ஒரு கோடையில், அண்டாத் தண்ணீர் கலங்கலாக இருக்கிறதே என்று நான் பாதியைக் கொட்டிவிட்டுத் தெருக்குழாயில் பிடித்து ஊற்றினேன். எனக்கு அப்போது பத்து வயது. சாயங்காலம் இரண்டு மல்லாந்து கிடந்தன. அப்பத்தா முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் அவளே என்னைக் கூட்டிப்போய், முருங்கை மரத்தடியில் குழி தோண்டி இரண்டையும் என் கையாலேயே வைக்கச் சொன்னாள். ஊற்று சுரந்து நாலு நாள் கழித்துத்தான் மிச்ச மீன்கள் கிணற்றுக்குத் திரும்பின. அந்த நாலு நாளும் அண்டாவை நான் தொடவில்லை.

சரி, நீங்கள் கேட்டது. கோல்டு ஃபிஷ் ஒரு சாண் அளவுக்குக்கூட வளரும், நன்றாக வைத்தால் பத்து வருஷம் தாண்டும். குடுவை அதற்கு வீடே இல்லை. பெரிய தொட்டியாக வாங்கி, குளோரின் போக்கிய தண்ணீர் ஊற்றி, ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகைத் தீனி மட்டும் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் மீனில்லாமல் வையுங்கள். தீனி அழுகி அம்மோனியா ஆகும், அதை வைத்து அந்த பாக்டீரியா குடியேறும். மீன் வந்த பிறகு வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும். ஃபில்டர் பஞ்சை, வெளியே எடுத்த அந்தத் தண்ணீரிலேயே அலசுங்கள். வெறும் தொட்டியைப் பார்த்துப் பையன் நச்சரிப்பான். நச்சரிக்கட்டும்.