உளவியல் ஆய்வகத்தில் சேர வழி உண்டா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் உளவியல் படிப்பு பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன. அவற்றிலிருந்து சில.

கேள்வி: பி.எஸ்ஸி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரி லேபில் கோடுகளின் நீளத்தில் கண் ஏமாறுவதைக் காட்டும் மியூலர்-லயர் பலகை, கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் கருவி, இப்படிச் சில சாமான்கள்தான். ஏதாவது ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் சேர்ந்து வேலை கற்றுக்கொள்ள ஆசை. யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது? – வாசகி, திருச்சி

அந்த நட்சத்திரத்தை மட்டமாக நினைக்க வேண்டாம். ஆனால் பிராக்டிகலில் என்ன விடை வர வேண்டும் என்பது முதலிலேயே தெரியும், வராவிட்டால் வந்த மாதிரி ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுகிறவர்களும் உண்டு, உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆய்வகத்தில் பேராசிரியருக்கே விடை தெரியாது. 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆரம்பித்த, உளவியலின் முதல் ஆய்வகம் என்று சொல்லப்படும் இடத்திலேயே மாணவர்கள்தான் ஒருநாள் சோதிப்பவராகவும் மறுநாள் சோதிக்கப்படுபவராகவும் மாறி மாறி உட்கார்ந்தார்கள், அதனால் மாணவர்களை லேபுக்குள் விடுவது யாரும் புதிதாகச் செய்யும் தயவு இல்லை.

வழி இரண்டு. ஒன்று, அறிவிப்பு வெளியிட்டு ஆள் எடுக்கும் கோடைகாலத் திட்டங்கள். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு ஃபெலோஷிப், ஐ.ஐ.டி. காந்திநகரின் எஸ்.ஆர்.ஐ.பி., கான்பூரின் சர்ஜ், மெட்ராஸின் கோடை ஃபெலோஷிப் எல்லாம் இந்த வகை. காந்திநகரில் அறிவாற்றல் அறிவியலுக்கென்றே (கவனம், ஞாபகம், சிந்தனை எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயும் துறை) ஒரு மையமும், கான்பூரில் ஒரு துறையும் இருக்கின்றன. எந்தத் திட்டத்தில் எந்த ஆண்டு மாணவர், எந்தப் பாடம் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும், அந்தந்த ஆண்டு அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். கோடைக்குத்தானே என்று ஏப்ரலில் தேட ஆரம்பித்தால் வேலைக்காகாது. சில திட்டங்களுக்கு முந்தைய ஆண்டின் கடைசியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும்.

இரண்டாவது வழி, நேராக எழுதிக் கேட்பது. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். சென்னைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார், சேலம் பெரியார், புதுச்சேரி என்று பக்கத்திலேயே உளவியல் துறைகள் இருக்கும்போது எல்லோரும் பெரிய பெயர்களுக்கே எழுதுகிறார்கள். அதுவும் எப்படி? 'மதிப்பிற்குரிய ஐயா, எனக்குச் சிறுவயது முதல் மனித மனத்தின் மீது ஆர்வம்' என்று தொடங்கி, ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பி, பெயரை மாற்ற மறந்து... படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

அந்த ஆய்வகம் வெளியிட்ட ஒரு கட்டுரையையாவது முழுசாகப் படியுங்கள். புரியாவிட்டாலும் முறை என்ற பகுதியையாவது படியுங்கள். பிறகு இப்படி எழுதலாம்: 'முதியவர்களின் ஞாபக மறதி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பங்கேற்றவர்கள் எல்லோரும் நகரத்தில் படித்தவர்களாக இருந்தார்கள். கிராமத்துப் பெரியவர்களிடம் தமிழில் நேர்காணல் எடுக்க ஆள் தேவைப்பட்டால் நான் வரத் தயார். சனிக்கிழமைகளிலும் மே, ஜூன் முழுக்கவும் நேரம் இருக்கிறது. எக்செல் தெரியும், ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளை இனிமேல்தான் கற்க வேண்டும்.' அவ்வளவு போதும்.

அப்புறம், பேராசிரியருக்கு மட்டும் எழுதாதீர்கள். அங்கே பி.எச்டி. செய்கிறவருக்கும் எழுதுங்கள். நூறு பேரிடம் டேட்டா எடுக்க வேண்டிய நிலையில் ஒற்றை ஆளாகத் திண்டாடிக்கொண்டிருப்பவர் அவர்தான், அவர் சிபாரிசு செய்தால் பேராசிரியர் பெரும்பாலும் சரி என்பார். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த இடம்.

கேள்வி: சேர்ந்தால் என்ன வேலை கொடுப்பார்கள்? மூளை ஸ்கேன் எல்லாம் பார்க்கலாமா? – கல்லூரி மாணவர், மதுரை

ஸ்கேன் ஆசையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள் தம்பி. முதல் மாதம் பங்கேற்பாளருக்குப் போன் போட்டு, 'பத்து மணிக்கு வருகிறீர்கள்தானே?' என்று கேட்பதுதான் வேலையாக இருக்கும். அவர் வரமாட்டார். பதினொன்றரைக்கு இன்னொருவர் வருவார். ஒப்புதல் படிவத்தை அவருக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும், பாதியில் எழுந்து போக அவருக்கு உரிமை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். செல்போனை அணைக்கச் சொல்லி உட்கார வைத்தால் திரையில் 'நீலம்' என்ற சொல் சிவப்பு நிறத்தில் வரும், அவர் சொல்லைப் படிக்காமல் நிறத்தைச் சொல்ல வேண்டும். 1935-இல் ஸ்ட்ரூப் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கணினி மில்லிசெகண்டில் நேரத்தைக் குறிக்கும். நடுவில் அவர் கொட்டாவி விட்டாலோ கதவை யாராவது தட்டினாலோ அதை நோட்டில் எழுதி வைப்பது உங்கள் பொறுப்பு, ஏனென்றால் ஆறு மாதம் கழித்து அந்த ஒரு எண் மட்டும் ஏன் விசித்திரமாக இருக்கிறது என்று கேட்பார்கள். வீடியோவைப் பார்த்துக் குழந்தை எத்தனை முறை அம்மாவைத் திரும்பிப் பார்த்தது என்று எண்ணும் வேலையும் வரலாம். இன்னொருவர் தனியாக எண்ணுவார், இரண்டு பேர் கணக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பார்கள். அலுப்பான வேலைதான். இந்த அலுப்பு உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பது பி.எச்டி.யில் சேருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது, எனக்கு அதுவே பெரிய லாபமாகப் படுகிறது.

கேள்வி: என் மகளிடம் ஓர் ஆன்லைன் நிறுவனம் பணம் கட்டினால் பதினைந்தே நாளில் 'உளவியல் ஆய்வு இன்டர்ன்ஷிப்' சான்றிதழ் தருவதாகச் சொல்கிறது. கட்டலாமா? – ஒரு தந்தை, ஈரோடு

வேண்டாம் ஐயா. நாலு ரெக்கார்டட் வீடியோவைப் பார்ப்பது ஆய்வு ஆகாது. பல்கலைக்கழகங்களிலும் சில இடங்களில் சம்பளம் இல்லை, பயிற்சிக் கட்டணம் வாங்கும் இடங்களும் உண்டு, அதனால் பணத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. வழிநடத்தப் போகிறவர் யார், அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை எங்கே, மகள் எந்த ஆய்வில் வேலை செய்வாள் என்று மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். மேற்படிப்புக்குப் போகும்போது உதவுவது அவள் வேலையை ஆறு மாதம் கூட இருந்து பார்த்த ஒருவர் தரும் பரிந்துரைக் கடிதம்தான்.

கேள்வி: எனக்குக் கவுன்சலிங்தான் விருப்பம். லேப் அனுபவம் இருந்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிடலாமா? – வாசகி, நாகர்கோவில்

முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து சென்னை போய்த் தங்கிப் படிக்க வசதியில்லை. வீட்டிலிருந்தே ஏதாவது செய்ய முடியுமா? – மாணவர், தர்மபுரி மாவட்டம்

முடியும், இப்போது முன்னைவிட நன்றாகவே முடியும். 2015-இல் உளவியல் ஆய்வுகள் நூற்றை அப்படியே திரும்பச் செய்து பார்த்தார்கள். 36 சதவீதத்தில்தான் புள்ளியியல்படி உறுதியான முடிவு மறுபடி வந்தது. துறையே ஆடிப்போனது. அதன் பிறகு பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து ஒரே சோதனையைச் செய்யும் பழக்கம் பெருகியது. 2017-இல் தொடங்கிய 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ் ஆக்சிலரேட்டர்' அப்படியொரு கூட்டமைப்பு. இளங்கலை மாணவர்களே வகுப்புத் திட்டமாகப் பழைய ஆய்வைத் திரும்பச் செய்ய உதவும் 'க்ரெப்' என்ற திட்டமும் இருக்கிறது. உங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்றால்தான் இதெல்லாம் நடக்கும், அதனால் முதலில் அவரைப் பிடியுங்கள். சோதனை உருவாக்க சைக்கோபை, புள்ளியியல் கணக்குப் போட ஜாஸ்ப், இரண்டு மென்பொருளும் இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும்.

கேள்வி: கணக்குக்குப் பயந்துதான் உளவியல் எடுத்தேன். லேபில் புள்ளியியல் கட்டாயமா? – பெயர் வேண்டாம், வேலூர்

கட்டாயம். மாட்டிக்கொண்டீர்கள். பிளஸ் டூ கால்குலஸ் எல்லாம் தேவைப்படாது. சராசரி, திட்ட விலக்கம், இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் என்று ஒவ்வொன்றாக, உங்கள் வகுப்புத் தோழர்களிடமே எடுத்த டேட்டாவை ஜாஸ்பில் போட்டுப் பழகுங்கள்.